கடைசி டூர் என்கிறார்கள், போகலாமா? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கணக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசிக்கொண்டு ராக் கேட்கிறவர்கள் ரொம்ப இல்லை. இருக்கிற கொஞ்சப் பேரும் கிட்டத்தட்ட ஒரு வயதுக்காரர்கள். தொண்ணூறுகளில் கோவைக்கு பஸ் ஏறிப் போய் கேசட் வாங்கி, அட்டையில் இருக்கும் பாட்டு வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது நெருங்குகிறது. அவர்கள் கேட்ட பேண்டுகளுக்கோ எழுபதும் எண்பதும் ஆகிவிட்டன.

அதனால் எனக்கு வரும் கேள்வியும் இப்போது ஒன்றுதான். “அண்ணா, இதுதான் கடைசி டூர்னு சொல்றாங்க. டிக்கெட் எடுத்துடலாமா?” அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வரும். “இல்ல, அந்தக் காசுல கொச்சிக்குப் போய் நம்ம ஆளுங்களையே நாலு தடவ பாத்துடலாமா?”

வழிகள் நான்கு. வெளிநாட்டு மூத்த பேண்டைப் பார்க்க மும்பைக்கோ பெங்களூருக்கோ போவது, நம் நாட்டு மூத்த பேண்டுகளைப் பக்கத்து ஊர்களில் பார்ப்பது, பழைய பாட்டுகளை வாசிக்கும் கவர் பேண்டோடு திருப்திப்படுவது, திரையில் பார்ப்பது.

## எதை வைத்துப் பார்ப்பது

முதல் விஷயம், மேடையில் நிற்கப்போவது யார் என்பது. போஸ்டரில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம், ஆனால் பெயர் கிட்டார் வாசிக்காது. ஏசி/டிசியில் தொடக்கத்திலிருந்து இருப்பவர் இன்று கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங் ஒருவர்தான். டீப் பர்ப்பிளில் முதல் நாளிலிருந்து இருப்பவர் டிரம்மர் இயன் பெய்ஸ் மட்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. உங்களுக்கு அந்த பேண்ட் என்றால் யாருடைய குரல், யாருடைய கை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆள் இல்லையென்றால் பாதிக் காரணம் போய்விட்டது.

இரண்டாவது குரல். எழுபது வயதுத் தொண்டை முப்பது வயதில் பாடிய உச்சத்துக்குப் போகாது. அதனால் கிட்டாரையே அரை சுருதி, சில சமயம் ஒரு முழு சுருதி இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். கஷ்டமான வரிகளைக் கூட்டத்தின் பக்கம் மைக்கை நீட்டிப் பாட வைப்பார்கள். நடுவில் நீளமாக டிரம்ஸ் தனி வரும். பாடகர் பின்னால் போய் மூச்சு வாங்கிக்கொள்ள அதுதான் நேரம். கச்சேரிக்கு முந்தைய சில வாரங்களில் வேறு ஊர்களில் ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோக்களைக் கேளுங்கள். பேண்டே வெளியிடும் வீடியோவை நம்ப வேண்டாம், அது மெருகேற்றி வரும்.

மூன்றாவது முழுச்செலவு. டிக்கெட் விலை அதில் ஒரு பங்குதான். நான்காவது உங்கள் உடம்பு. பாடுகிறவருக்கு வயதாகிவிட்டது என்று கவலைப்படுகிறோம், கேட்கிறவரின் முழங்காலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்தாவது, ஷோ நடக்குமா என்பது. இந்த வயதில் ஒரு தொண்டை கட்டினால் ஒரு டூரே நின்றுபோகும். ஏரோஸ்மித் 2023 செப்டம்பரில் விடைபெறும் டூரைத் தொடங்கியது. சில ஷோக்களிலேயே பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை அடிபட்டது. 2024 ஆகஸ்டில் இனி டூரே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

## வெளிநாட்டு மூத்த பேண்ட்: மும்பையும் பெங்களூரும்

ஆசை அதிகம் இருப்பது இங்கேதான், செலவும் இங்கேதான்.

பெங்களூருக்கு இதில் பழைய உரிமை உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இல் அங்கே வாசித்தது. அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதன்முதலாக வாசித்ததும் அங்கேதான், 2007 மார்ச்சில், பேலஸ் கிரவுண்ட்ஸில். மெட்டாலிகா 2011 அக்டோபரில் வந்தது. அப்போதெல்லாம் பேலஸ் கிரவுண்ட்ஸ் என்றால் ஊருக்கு நடுவில், மெஜஸ்டிக்கில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். இப்போது பெரிய ஷோக்கள் பலவும் ஊர் எல்லைக்குப் போய்விட்டன. தும்கூர் சாலையில் மாதாவரா பக்கம் என்றால் 2024 நவம்பரிலிருந்து மெட்ரோ இருக்கிறது, தப்பித்தீர்கள். தேவனஹள்ளி பக்கம் என்றால் கேபை நம்பித்தான் இருக்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்து கேப் தேடுவார்கள். நெட்வொர்க் கிடைக்காது, கிடைத்தால் விலை மூன்று மடங்காக இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் ஷோ பெரும்பாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் நம் பக்கம் வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் எட்டு மணி வாக்கிலேயே பெங்களூரை விட்டுக் கிளம்பிவிடுகிறது. மிச்சம் இருப்பது மடிவாளா, சில்க் போர்டு பக்கம் ஏறும் ஆம்னி பஸ். கச்சேரி நகரத்தின் வடக்குக் கோடியில், பஸ் தெற்குக் கோடியில். நடுவே முழு பெங்களூரு. கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டு ஓடினால்தான் அந்த பஸ் கிடைக்கும், அந்த இரண்டு பாட்டுக்காகத்தான் போயிருப்பீர்கள். எனவே அறை வாடகையை முதலிலேயே செலவில் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோ என்றால் திங்கட்கிழமை லீவும் சேர்ந்துகொள்ளும்.

மும்பை தூரம்தான். கோவையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும், விமானம் என்றால் கோவையிலிருந்தே நேராக இருக்கிறது. ஆனால் வெளியேறும் விஷயத்தில் மும்பை பெங்களூரைவிட நல்ல ஊர் என்பது என் கருத்து. 2019 டிசம்பரில் யூ2 வாசித்த டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துக்கு நெருல் ரயில் நிலையம் பக்கம். மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கும் லோக்கல் ரயில் உண்டு. நடுராத்திரி தாண்டியும் லோக்கல் ஓடும். கூட்டத்தில் நசுங்கினாலும் வீடு போய்ச் சேரலாம்.

டிக்கெட்டில் சாதாரணமாக நின்று பார்க்கும் வகையே சில ஆயிரம் ரூபாய். லவுஞ்ச், மேடைக்கு நேர் முன்னால் நிற்கும் ஃபேன் பிட் என்றால் ஐந்து இலக்கம். அதன் மேல் ஜிஎஸ்டி, கன்வீனியன்ஸ் ஃபீஸ். உள்ளே போனால் பல இடங்களில் ரொக்கம் செல்லாது, கையில் ஒரு பட்டை கட்டி அதில் பணம் ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். ஏற்றியதில் மீதியைத் திரும்ப வாங்க ஒரு படிவம், ஒரு கடைசித் தேதி. நூறு இருநூறு மிச்சம் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் விலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை, வயிறு எரியும்.

“கடைசி டூர்” என்ற விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கார்ப்பியன்ஸ் 2010இல் விடைபெறுவதாக அறிவித்தது, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாசித்துக்கொண்டே இருந்தது. டீப் பர்ப்பிள் 2017இல் தொடங்கிய டூருக்கே நீண்ட விடைபெறல் என்ற பொருளில்தான் பெயர். கிஸ் 2000இல் ஒரு விடைபெறும் டூர் போனது, பிறகு 2019இல் இன்னொன்றைத் தொடங்கி 2023 டிசம்பரில் நியூயார்க்கில் முடித்தது. எனவே அந்த வார்த்தைக்குப் பயந்து கடன் வாங்கி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது. பிளாக் சபாத் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் 1992லேயே இனி டூர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் வில்லா பார்க்கில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பிளாக் சபாத்தின் முதல் நால்வரும் அன்று ஒரே மேடையில் இருந்தார்கள். ஜூலை 22 அன்று ஓசி இறந்துவிட்டார். விளம்பரத்தை நம்ப வேண்டாம் என்பது சரி, வயதை நம்பித்தான் ஆக வேண்டும். அயர்ன் மெய்டன் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. அதோடேயே வாசித்து, 2024 டிசம்பரில் டூரிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் இருக்கும்போது பார்க்கிறோமா இல்லாதபோது பார்க்கிறோமா என்று எந்த போஸ்டரும் சொல்லாது.

காத்திருப்பதா போவதா என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் கன்ஸ் அண்ட் ரோசஸ். 2012 டிசம்பரில் வந்தபோது பழைய ஆட்களில் பாடகர் ஆக்சல் ரோஸ்தான் முக்கியமானவர், கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் இல்லை, பேஸ் வாசிக்கும் டஃப் இல்லை. 2025 மே மாதம் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் மூன்று பேரும் நின்றார்கள். ஆக்சலின் குரலுக்கு 2012தான் நல்லது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஸ்லாஷின் கிட்டாருக்காகக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வாதம் செல்லாது. முதல் அளவுகோலை நான் மேலே வைத்ததற்கு இதுதான் காரணம்.

ஷோ நடக்காமல் போகும் கதையும் இங்கே உண்டு. 2011இல் பெங்களூருக்கு இரண்டு நாள் முன்னால் மெட்டாலிகா குர்கானில் வாசிப்பதாக இருந்தது. மேடை முன் தடுப்புச் சிக்கலால் அது கடைசி நேரத்தில் நின்றது, கூட்டம் மேடையில் ஏறி உடைத்தது. டிக்கெட் பணம் திரும்ப வரலாம். ரயில், விமானம், அறை வாடகை திரும்ப வராது.

யாருக்கு இது சரி? அந்த பேண்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, உங்களுக்கு முக்கியமான ஆள் இன்னும் மேடையில் இருக்கிறார், செலவு வீட்டுக் கணக்கில் ஓட்டை போடாது என்ற மூன்றும் இருந்தால் யோசிக்காமல் போங்கள். ஏற்கெனவே நல்ல வயதில் பார்த்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு தடவை தேவையா என்று நிதானமாக யோசியுங்கள்.

## நம் மூத்த பேண்டுகள்: கொச்சி, கோவை, சில சமயம் திருவனந்தபுரம்

இந்த வழியை யாரும் கேள்வியாகவே கேட்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். வெளிநாட்டுக்காரர்களுக்கு வயதாகிறது என்று பதறுகிறோம். நம் ஆட்களுக்கும் அதே வேகத்தில்தான் வயதாகிறது.

இந்தியன் ஓஷன் 1990இல் டெல்லியில் தொடங்கியது. அவர்களுடைய ‘கந்தீசா’ பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய சுரியானித் துதி. டெல்லி பேண்ட் பாடியது என்றாலும் பாட்டின் வீடு இந்தப் பக்கம்தான். அதைப் பாடிய அசீம் சக்ரவர்த்தி 2009இல் இறந்துவிட்டார். கிட்டாரிஸ்ட் சுஸ்மித் சென் 2013இல் விலகினார். ராகுல் ராமும் அமித் கிலாமும் தொடர்கிறார்கள். அசீமின் குரலை நேரில் கேட்டவர் இன்று அதைச் சொல்லும்போது, கேட்காதவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

கொச்சியின் மதர்ஜேன் 1996இல் தொடங்கிய பேண்ட். கர்நாடக இசையின் கமகத்தைக் கிட்டாரில் கொண்டுவந்த பைஜு தர்மஜன் 2010இல் அதைவிட்டு விலகினார், பிறகு தன் சொந்தக் குழுவோடு வாசித்துவருகிறார். ஆக, பேண்டைப் பார்க்கப் போகிறீர்களா பைஜுவின் கையைப் பார்க்கப் போகிறீர்களா என்று இங்கேயும் முடிவு செய்துகொள்ள வேண்டும். கொச்சியிலேயே அதற்கும் மூத்தது 13 ஏடி. எழுபதுகளின் இறுதியில் தொடங்கி, கேரளத்து ராக் என்றால் என்ன என்று முதலில் காட்டிய பேண்ட். திருவனந்தபுரத்து அவியல் இவர்களைவிட இளையது, 2003இல் தொடங்கியது, மலையாளத்திலேயே ராக் பாடிக் காட்டியது. பெங்களூரில் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் 1996இலிருந்து இருக்கிறது. கல்லூரியில் இவர்களைக் கேட்டவர்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள்.

செலவில் இந்த வழியோடு போட்டி போட எதுவும் இல்லை. பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் ரயிலில் சில மணி நேரம். கோவையில் ஷோ என்றால் வாளையார் தாண்டினால் போதும், வேலந்தாவளத்துக்காரருக்கு அது சினிமாவுக்குப் போகிற தூரம். டிக்கெட் பெரும்பாலும் ஆயிரத்தைச் சுற்றி இருக்கும், கல்லூரி விழாக்களிலும் திருவிழா மேடைகளிலும் சும்மாவே பார்த்துவிடலாம்.

இதைவிட முக்கியம் நெருக்கம். கொச்சியில் ஒரு சின்ன அரங்கில் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தலை நரைத்த கிட்டாரிஸ்ட் அடுத்த பாட்டுக்கு முன் சட்டைப்பையிலிருந்து வாசிப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து காலடியில் இருந்த பெடலின் குமிழைத் திருகினார். மறுபடி கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டுத்தான் முதல் ஸ்வரத்தை இழுத்தார். அந்த இழுப்பில் விரல் ஃப்ரெட் மேல் உரசும் சத்தம்கூடக் கேட்டது. ஐம்பதாயிரம் பேர் மைதானத்தில் கிட்டாரிஸ்ட் உங்களுக்கு எல்இடி திரையில்தான் தெரிவார்.

இதில் மறைந்திருக்கும் செலவு நிச்சயமின்மை. ஷோ பற்றிய அறிவிப்பு சில நாட்களுக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் மட்டும் வரும். ஆறு மணி என்று போட்டால் எட்டு மணிக்குத் தொடங்கும். எர்ணாகுளத்திலிருந்து கடைசி ரயிலைத் தவறவிட்டுக் கேஎஸ்ஆர்டிசி ஸ்டாண்டில் விடிய விடிய உட்காரும்படியும் ஆகும். ஒலி அமைப்பு சரியில்லை என்றால் பாடகர் என்ன மொழியில் பாடுகிறார் என்றே தெரியாது. கல்லூரி விழா என்றால் வாசல் கூட்டத்தைப் பாருங்கள். 2023 நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழக விழாவில் அரங்க வாசல் நெரிசலில் நான்கு பேர் இறந்தது நினைவிருக்கட்டும். உள்ளே போக ஒரே ஒரு வழி, அதுவும் படிக்கட்டு என்றால் எவ்வளவு பிடித்த பேண்டாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கும், மாதக்கணக்கில் திட்டம் போட முடியாத கடைக்காரர்களுக்கும் முதல் தேர்வு இதுதான்.

## கவர் பேண்ட்: பக்கத்திலேயே, மலிவாக

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டிலும் கோவையிலும் ஹோட்டல் மேல்தளங்களிலும் கிளப்புகளிலும் வாசிக்கும் குழுக்கள் இருக்கின்றன. நான் பார்த்த ஒன்றில் டிரம்மர் பகலில் கூட்டுறவு வங்கியில் வேலை. ஹை-ஹேட் என்கிற ஜோடித் தாளத்தட்டின் ஸ்டாண்டைக் கயிற்றுத் துண்டால் கட்டியிருந்தார், ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் முடிச்சை இறுக்கிக்கொண்டார். வாசிப்பு மட்டும் அச்சு அசல். பழைய சுருதியிலேயே, பழைய வேகத்திலேயே வாசிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு முப்பது வயது. பாட்டு முக்கியம், ஆள் முக்கியமில்லை என்பவருக்கு மூத்த பேண்டைவிட இதுவே சுகமாக இருக்கும். ஆனால் பாதிக் கூட்டம் சாப்பாட்டுக்கு வந்ததாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

## திரையில்

ஓசியின் வில்லா பார்க் கச்சேரியை இணையத்தில் கட்டண நேரலையாகக் காட்டினார்கள். அங்கே மாலை என்றால் இங்கே நள்ளிரவு. மறுநாள் ஞாயிறு என்பதால் சமாளிக்க முடிந்தது. எழுபதுகளின் கச்சேரிப் படங்கள் சிலவற்றை இப்போது சுத்தம் செய்து ஐமேக்ஸில் திரும்ப வெளியிடுகிறார்கள். கோவையிலேயே ஐமேக்ஸ் திரை வந்துவிட்டதால் நமக்கு அது பெரிய பயணமில்லை, எந்தப் படம் இங்கே வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டி வலிக்காரர்களுக்கும், நெரிசல் ஆகாதவர்களுக்கும், அந்தக் குரலை அதன் நல்ல நாளில் கேட்க விரும்புகிறவர்களுக்கும் இது நல்ல வழி. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ட்ரம்ஸின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து இடிப்பது எந்தத் திரையிலும் வரவில்லை.

| | வெளிநாட்டு மூத்த பேண்ட் | நம் மூத்த பேண்ட் | கவர் பேண்ட் | திரை |
|---|---|---|---|---|
| அசல் ஆட்கள் | சிலர் | சிலர் | இல்லை | எல்லோரும், அன்றைய வயதில் |
| குரல் | இறங்கியிருக்கும் | பெரும்பாலும் பரவாயில்லை | ஆளைப் பொறுத்தது | உச்சத்தில் |
| முழுச்செலவு | டிக்கெட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு | ரயில், சாப்பாடு | சாப்பாட்டு பில் | சினிமாச் செலவு |
| உடம்புக்கு | கஷ்டம் | சமாளிக்கலாம் | சுலபம் | ஒன்றுமில்லை |
| ரத்தாகும் அபாயம் | அதிகம், நஷ்டமும் அதிகம் | உண்டு, நஷ்டம் குறைவு | குறைவு | கிட்டத்தட்ட இல்லை |

## வெளியூர் ஷோ என்று முடிவு செய்தவர்களுக்கு

கச்சேரி டிக்கெட் ஆறு மாதம் முன்பே விற்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் மாதங்களில் அறையை மட்டும், இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பிடித்து வையுங்கள். 60ஆவது நாள் காலை எட்டு மணிக்கு ரயிலுக்கு உட்காருங்கள். பெங்களூருக்குப் போகும் ரயிலை ஷோ நாள் காலையில் போய்ச் சேருவதுபோல எடுங்கள், அன்று பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினால் மாலை தாங்கும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் ஃபேன் பிட் வாங்க வேண்டாம் என்பேன். வாசல் மூன்று மணிக்குத் திறக்கும், நீங்கள் கேட்க வந்த பேண்ட் எட்டு மணிக்கு வரும், நடுவில் உட்கார இடமில்லை, கழிப்பறைக்குப் போனால் நின்ற இடம் போய்விடும். உட்காரும் வரிசை இருந்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் நிற்கும் பகுதியிலேயே பின்னால், ஒலியைக் கலந்து சரிசெய்யும் மேசைக்கு அருகில் நில்லுங்கள். மொத்த ஒலியையும் அந்த இடத்துக்குத்தான் சரி செய்கிறார்கள். முன்னால் ஸ்பீக்கர் பக்கம் நிற்பவருக்குக் கிடைப்பது பேஸ் மட்டும்.

காதடைப்பான் கட்டாயம். கச்சேரி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு, நம் ஊரில் அதை அளந்து பார்ப்பவர் யார்? மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான் பாட்டின் மேல் ஸ்வரங்களை விழுங்கிவிடும். இசைக்காரர்கள் போடும் வடிகட்டி வகை ஆன்லைனில் கிடைக்கிறது, ஒரு ஜோடி வாங்கினால் வருடக்கணக்கில் வரும். அதை வாசலில் பறிக்கமாட்டார்கள். பவர் பேங்க், குடை, தண்ணீர் பாட்டிலைப் பல இடங்களில் பறித்துவிடுவார்கள், எனவே பையே இல்லாமல் போங்கள். பிபி, சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மருந்துச்சீட்டின் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டால் மாத்திரையை உள்ளே விடச் சொல்லிப் பேசலாம்.